உஷார்! உங்கள் தலைக்கு மேலே 15 டன்!

கிராமத்தில் வீடு கட்டுகிறீர்களா? 'மாடியில் மண்ணைக் கொட்டிப் புல் வளர்த்தால் வீடு ஜில்லென்று இருக்கும்' என்று யாராவது சொன்னார்களா? மண்வெட்டியைக் கீழே வையுங்கள் முதலில்!

குளிர்ச்சி நிஜம்தான். எடையும் நிஜம். அதைத்தான் யாரும் சொல்வதில்லை.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம். பழைய காங்கிரீட் வீடு, 20க்கு 30 அடி மொட்டைமாடி. யாரையும் கேட்காமல் அரையடிக்கு வயல் மண்ணைக் கொட்டி அருகம்புல் பதித்தார்கள். சித்திரை வெயிலில் ஊரே வந்து பார்த்து மெச்சியது. ஐப்பசி மழையில் மண் கரைந்து போய் வடிகுழாயை அடைத்தது. ஒருநாள் ராத்திரி, தொட்டிலுக்கு ஒரு முழம் தள்ளிக் கூரைப் பூச்சு பாளமாகப் பெயர்ந்து விழுந்தது. குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. யார் செய்த புண்ணியமோ!

கணக்குப் பாருங்கள். நனைந்த மண் ஒரு கனமீட்டர் ஏறத்தாழ 1,800 கிலோ. அரையடி கனத்தில் சதுர மீட்டருக்கு 270 கிலோ. ஆள் ஏறிப் புழங்கும் மாடிக்கு ஐஎஸ் 875 என்ற இந்தியக் கட்டடத் தரவிதி கணக்கில் எடுக்கச் சொல்லும் சுமையே சுமார் 150 கிலோதான். அந்தக் குடும்பத்தின் மாடி முழுக்க 15 டன்! நாலு யானையை மேலே கட்டிவிட்டு, கீழே தொட்டில் கட்டுவீர்களா?

கூரையின் அடிப்பக்கத்தை இன்றைக்கே அண்ணாந்து பாருங்கள். கம்பி ஓடும் வாக்கில் பழுப்புக் கோடு தெரிகிறதா? கம்பி துருப்பிடிக்கிறது. துரு உப்பும், உப்பினால் காங்கிரீட்டை வெடிக்க வைக்கும். கழியால் தட்டினால் 'டொக் டொக்' என்று பொள்ளலாகக் கேட்கிறதா? தளம் நடுவில் தொய்ந்திருக்கிறதா? அங்கே படுக்காதீர்கள்!

புது வீடென்றால், அஸ்திவாரம் தோண்டும் முன்பே பொறியாளரிடம் 'மேலே மண் வரும்' என்று சொல்லிவிடுங்கள். நீர்க்காப்புப் பூச்சு முடிந்ததும் மாடியில் இரண்டு நாள் தண்ணீர் கட்டி வையுங்கள். ஒரு சொட்டுக் கசிந்தாலும் மண் ஏறக்கூடாது. மேஸ்திரி அவசரப்படுவார், விடாதீர்கள். வேர்த் தடுப்பு விரிப்பு, தென்னை நார்க்கழிவு கலந்த லேசான மண், வடிகுழாயைச் சுற்றிக் கூழாங்கல். இதில் எதையும் மிச்சம் பிடிக்காதீர்கள்.

அப்புறம், மாடியில் காக்கை எச்சத்தில் முளைக்கும் அரசங்கன்று. 'சாமி மரமாச்சே' என்று விட்டுவிடாதீர்கள்! இரண்டு இலை விடும்போதே வேரோடு பிடுங்கி, வீட்டை விட்டுத் தள்ளி நடுங்கள்.