சிறைக்குப் போன வக்கீல், சுப்ரீம் கோர்ட்டு நீதிபதி ஆனார்

பெங்களூர் குடிநீர் வடிகால் வாரியம் தன் ஊழியர்கள் சிலருக்கு அபராதம் விதித்து, பணத்தையும் வசூலித்துவிட்டது. நியாயமான விசாரணை நடத்தாமல் தண்டித்துவிட்டார்கள் என்று ஊழியர்கள் தொழிலாளர் கோர்ட்டுக்குப் போனார்கள். வாரியம் என்ன சொன்னது தெரியுமா? மக்களுக்கு அடிப்படை வசதி செய்து தரும் அமைப்பு இது, "தொழில்" அல்ல. ஆகவே தொழில் தகராறு சட்டம் பொருந்தாது என்றது!

சில ரூபாய் அபராதத்தில் தொடங்கிய இந்த வழக்கு, டெல்லியில் 7 நீதிபதிகள் முன் போய் நின்றது. 1978 பிப்ரவரி 21-ந் தேதி முக்கியத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி வி.ஆர்.கிருஷ்ண அய்யர்.

பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். தலைச்சேரியில் வக்கீலாக இருந்தார். கம்யூனிஸ்டுகளுக்குச் சட்ட உதவி செய்தார் என்று 1948-ல் அவரையே சிறையில் போட்டார்கள். உள்ளே போய் வந்தவருக்குத்தான் உள்ளே இருப்பவன் கஷ்டம் தெரியும். 1957-ல் நம்பூதிரிபாடு மந்திரிசபையில் மந்திரியானபோது சிறைத்துறையும் அவர் பொறுப்பில் வந்தது.

1968-ல் கேரள ஐகோர்ட்டு நீதிபதி. 1973-ல் சுப்ரீம் கோர்ட்டு. அரசியல்வாதி நீதிபதியாகலாமா என்று முணுமுணுத்தவர்கள் உண்டு. 1975 ஜூன் 24-ந் தேதி, பிரதமர் இந்திரா காந்தியின் தேர்தல் வழக்கில் முழுத் தடை கொடுக்க மறுத்தார்; பதவியில் நீடிக்கலாம், பாராளுமன்றத்தில் ஓட்டுப் போடக்கூடாது என்றார். மறுநாள் இரவே நெருக்கடி நிலை வந்தது.

ஆனால் சம்பளக்காரர்களுக்கு அவர் செய்த பெரிய காரியம் பெங்களூர் வழக்குதான். முதலாளியும் தொழிலாளியும் சேர்ந்து, ஒழுங்குமுறையாக, மக்களுக்கு வேண்டிய பொருளையோ சேவையையோ தந்தால் அது தொழில். லாபம் வருகிறதா என்பது கேள்வியே அல்ல என்றார். ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கிளப் எல்லாம் இதற்குள் வந்தன. அங்குள்ள ஊழியருக்கும் தொழிலாளர் கோர்ட்டின் கதவு திறந்தது.

இதைக் குறைக்க 1982-ல் பாராளுமன்றம் கொண்டு வந்த திருத்தம் அமலுக்கு வரவே இல்லை. 1980-ல் ஓய்வு பெற்ற நீதிபதி 2014-ல் காலமானார். 2025 நவம்பரில் பழைய சட்டம் போய், புதிய தொகுப்புச் சட்டம் வந்தது. தொழில் என்பதற்கு அதில் உள்ள விளக்கம் பெரும்பாலும் கிருஷ்ண அய்யர் சொன்னதுதான். தர்ம ஸ்தாபனங்களையும் வீட்டு வேலையையும் வெளியே நிறுத்திவிட்டார்கள். வீட்டு வேலைக்குப் போகும் நம் பெண்களுக்கு அந்தக் கதவு இன்னும் திறக்கவில்லை.