கன்னை வாங்கும் முன் காற்றை அளந்துகொள்ளுங்கள்

வீட்டு வாசலில் கார் வேலை – 9

சென்ற வாரம் பட்டி பார்த்து, வாட்டர் பேப்பர் போட்டு, கதவையும் பானெட்டையும் பிரைமருக்குத் தயார் செய்வது வரை வந்திருந்தோம். அடுத்தது ஸ்ப்ரே கன். ஆயிரம் ரூபாய்க்குள்ளும் கன் கிடைக்கிறது. சாட்டா, அனெஸ்ட் இவாட்டா என்று அதைப்போலப் பல மடங்கு விலையிலும் இருக்கிறது. எதை வாங்கலாம் என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: உங்கள் கம்ப்ரசர் நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்று தரும்? “அம்பது லிட்டர் டேங்க் சார், எட்டு கிலோ வரைக்கும் ஏறும்” என்பார்கள். டேங்கின் கொள்ளளவு தெரிகிறது, அழுத்தம் தெரிகிறது. காற்றின் அளவு மட்டும் தெரிவதில்லை. வீட்டில் அடித்த பெயின்ட் சொரசொரத்துப் போனால் பெரும்பாலும் கன்னைத்தான் திட்டுகிறோம். கோளாறு இருப்பதோ அதற்குப் பின்னால், ஹோஸின் மறுமுனையில்.

ஸ்ப்ரே கன்னின் மூதாதை ஒரு மருத்துவக் கருவி. அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்து டொலிடோ நகரில் ஆலன் டெவில்பிஸ் என்ற மருத்துவர், நோயாளிகளின் தொண்டைக்குள் மருந்தைத் தூவ 1888-ல் ஒரு தெளிப்பான் செய்தார். அவர் மகன் தாமஸ் அதே தத்துவத்தை 1907-ல் பெயின்ட்டுக்குக் கொண்டுவந்தார். 1920-களில் டூபாண்ட் நிறுவனத்தின் டூகோ என்ற பெயின்ட் வந்தபோது இந்தக் கருவிக்கு உண்மையான வேலை வந்தது. அதுவரை பிரஷ்ஷால் அடித்து வாரக்கணக்கில் காயவைத்த கார்கள் சில மணி நேரத்தில் காய்ந்தன. அவ்வளவு வேகமாகக் காயும் பெயின்ட்டை பிரஷ்ஷால் இழுத்துச் சமன்செய்ய முடியாது, தூவத்தான் முடியும்.

பெயின்ட்டைக் கிழித்துத் துளியாக்குவது காற்று. பழைய வகை கன் இதை அதிக அழுத்தத்தில் செய்கிறது. துளி நன்றாக உடையும், ஆனால் வேகமாகப் போய்த் தகட்டில் மோதித் தெறித்துவிடும். மூன்றில் ஒரு பங்கு ஒட்டினாலே அதிகம். மிச்சம் பக்கத்து வீட்டுத் துணிக்கொடிக்கும் உங்கள் நுரையீரலுக்கும் போகிறது. கலிபோர்னியாவில் காற்று மாசு விதிகள் இறுகியபோது எச்.வி.எல்.பி. கன்கள் பரவின. நிறைய காற்று, குறைந்த அழுத்தம் என்பதுதான் அதன் பொருள். கன்னின் முனையில் அழுத்தம் 10 பி.எஸ்.ஐ.-யைத் தாண்டக் கூடாது, பெயின்ட்டில் குறைந்தது 65 சதவீதம் தகட்டில் ஒட்ட வேண்டும் என்பது அங்கே வகுத்த இலக்கணம். நல்ல விஷயம்தான். ஆனால் ‘நிறைய காற்று’ என்பது வீட்டு கம்ப்ரசரிடம் இல்லாத ஒன்று. முழு அளவு எச்.வி.எல்.பி. கன் நிமிடத்துக்கு 10 கன அடிக்குக் குறையாமல் கேட்கும்.

உங்கள் கம்ப்ரசர் எவ்வளவு தரும்? 1 எச்.பி. பெல்ட் கம்ப்ரசரின் பிளேட்டில் 5, 6 சி.எஃப்.எம். (நிமிடத்துக்கு இத்தனை கன அடி) என்று போட்டிருக்கலாம். அது பெரும்பாலும் பிஸ்டன் இழுக்கும் அளவு. வெளியே வருவது அதில் கால் பங்குக்கு மேல் குறையும். நீங்களே அளந்து பார்த்துவிடலாம். டேங்கைக் காலி செய்து, வால்வை மூடி, மோட்டாரைப் போடுங்கள். மீட்டர் முள் 4 பாரைத் தொடும்போது போனில் ஸ்டாப் வாட்ச்சை ஓடவிட்டு, 6 பாரில் நிறுத்துங்கள். 50 லிட்டர் டேங்கில் 2 பார் ஏறினால் உள்ளே போன காற்று 100 லிட்டர். அதற்கு 53 விநாடி ஆனது என்றால் நிமிடத்துக்கு 113 லிட்டர். ஒரு கன அடி 28.3 லிட்டர், ஆக, உங்களிடம் இருப்பது 4 சி.எஃப்.எம்.

இப்போது இதில் 10 சி.எஃப்.எம். கன்னை மாட்டுங்கள். நிமிடத்துக்கு 6 கன அடி பற்றாக்குறை. டேங்க் 8 பாரிலிருந்து 4 பாருக்கு இறங்கும்போது தரக்கூடிய கையிருப்பு 200 லிட்டர், அதாவது சுமார் 7 கன அடி. எழுபது விநாடியில் அது தீர்ந்துவிடும். பழகாத கைக்கு ஒரு ஆல்டோவின் பானெட்டில் ஒரு கோட் அடிக்கவே அதற்கு மேல் ஆகும். ஆகவே முதல் பாதி கண்ணாடி மாதிரி விழும்; பாதியில் காற்று தளர்ந்து, துளிகள் பருத்து, மறுபாதி ஆரஞ்சுத் தோலாகிவிடும். இதே கம்ப்ரசரில் 5 சி.எஃப்.எம். கேட்கும் எல்.வி.எல்.பி. (குறைந்த காற்று, குறைந்த அழுத்தம்) கன்னை மாட்டினால் பற்றாக்குறை 1 கன அடிதான். ஏழு நிமிடம் தாராளமாக அடிக்கலாம்.

என் தீர்ப்பு இதுதான்: வீட்டில் 1 அல்லது 2 எச்.பி. வைத்திருப்பவர் கப் மேலே உள்ள, 1.3 மி.மீ. நாசில் கொண்ட எல்.வி.எல்.பி. கன் ஒன்றை நடுத்தர விலையில் வாங்கட்டும். பேஸ் கோட், கிளியர் இரண்டுக்கும் அது போதும். ஒரு நேரத்தில் ஒரு கதவு, ஒரு ஃபெண்டர் என்று அடிக்கட்டும். முழு காரையும் ஒரே மூச்சில் அடிக்க நினைத்தால் பெரிய கம்ப்ரசரை வாடகைக்கு எடுப்பதே வழி. பிரைமர் கெட்டியானது, அதற்கு 1.6 முதல் 1.8 வரை நாசில் வேண்டும். மலிவான கன் ஒன்றை பிரைமருக்கென்றே தனியாக ஒதுக்கிவிடுங்கள். பிரைமர் ஓடிய கன்னில் கிளியர் அடித்தால் எங்கோ ஒட்டியிருந்த துணுக்கு, நட்டநடு பானெட்டில்தான் வந்து விழும். சுவருக்கு அடிக்க விற்கும் மின்சார கன்னை மட்டும் காருக்கு வாங்காதீர்கள். கேட்டுக்கும் கிரில்லுக்கும் அது சரி. கிளியர் கோட்டுக்கு வேண்டிய நுண்துளி அதில் வராது.

காற்று போதும் என்றான பிறகு அது உலர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அழுத்தும்போது காற்று சூடாகிறது, ஹோஸில் போகும்போது ஆறுகிறது, அதிலிருக்கும் ஈரம் தண்ணீராகிறது. சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் இது பெரிய தொல்லை. வாட்டர் டிராப்பை கம்ப்ரசரின் வாயிலேயே மாட்டினால் சூடான காற்று ஈரத்தைச் சுமந்தபடியே அதைக் கடந்துவிடும். இடையில் எட்டு, பத்து மீட்டர் ஹோஸ் விட்டு மாட்டுங்கள். டேங்கின் அடியிலுள்ள குழாயைத் திறந்து, வேலைக்கு முன்பும் இடையிலும் தண்ணீரை வெளியேற்றுங்கள். எக்ஸ்டென்ஷன் வயரை நீட்டி கம்ப்ரசரைக் காருக்கருகே கொண்டுபோகவும் வேண்டாம். நீண்ட வயரில் வோல்டேஜ் விழுந்து மோட்டார் திணறும். சுவிட்சின் தீப்பொறிக்கும் தின்னர் ஆவிக்கும் ஆகாது. நீட்ட வேண்டியது ஹோஸை.

டின்னில் போட்டிருக்கும் விகிதப்படி தின்னரும் ஹார்டனரும் கலந்து, வடிகட்டி, கப்பில் ஊற்றியாயிற்று. நேராகக் காருக்குப் போகாதீர்கள். சுவரில் பழைய நாளிதழை ஒட்டுங்கள். கன்னில் மூன்று திருகுகள் இருக்கும்: விசிறியின் அகலத்துக்கு ஒன்று, பெயின்ட்டின் அளவுக்கு ஒன்று, காற்றுக்கு ஒன்று. டிரிக்கரை இழுத்துப் பிடித்தபடி, காற்று ஓடும்போது, கைப்பிடி மீட்டரைப் பார்த்து அழுத்தத்தை வையுங்கள். விட்டுவிட்டுப் பார்க்கும் எண் பொய் சொல்லும். இப்போது தாளின் மேல் ஒரு நொடி அடியுங்கள். நீள்வட்டமாக, மேலிருந்து கீழ்வரை ஒரே அடர்த்தியில் விழ வேண்டும். நடுவில் குவிந்தால் காற்று போதவில்லை, அல்லது பெயின்ட் கெட்டி. இரண்டு முனையிலும் திரண்டு நடுவில் மெலிந்தால் காற்று அதிகம். பிறை போல ஒரு பக்கம் வளைந்தால் எங்கோ அடைப்பு. ஏர் கேப்பை அரைச்சுற்று திருப்பி மறுபடி அடியுங்கள்: வளைவும் கூடவே திரும்பினால் அடைப்பு ஏர் கேப்பில்; திரும்பாவிட்டால் நாசிலிலோ நீடிலிலோ. தின்னரில் ஊறப்போட்டு நைலான் பிரஷ்ஷால் தேயுங்கள். கம்பியை விட்டுக் குத்தினால் துளை கெட்டு, கன்னே பாழ்.

தகட்டிலிருந்து ஒரு சாண் தூரம், ஆறிலிருந்து எட்டு அங்குலம். கன் எப்போதும் தகட்டுக்கு நேர்செங்குத்தாக இருக்கட்டும். மணிக்கட்டை ஆட்டாமல் உடம்போடு நகருங்கள். தகட்டின் விளிம்புக்கு முன்பே டிரிக்கரை இழுத்து, விளிம்பைத் தாண்டியபின் விடுங்கள். ஒவ்வொரு வரியும் முந்தைய வரியின் பாதியை மூட வேண்டும். மெட்டாலிக் என்றால் முக்கால் பாகத்தை. ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் நடுவே, டின்னில் சொன்ன இடைவெளி விடுங்கள். அவசரப்பட்டால் பெயின்ட் வழியும்.

இனி சொல்லப்போவதைத் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள். பி.யு. பெயின்ட்டிலும் டூ-கே கிளியரிலும் கலக்கும் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. 1984-ல் போபாலில் கசிந்த வாயுவின் ரசாயனக் குடும்பம்தான். அதே பொருள் அல்ல, ஆனால் இதுவும் நுரையீரலைத் தாக்குவதுதான். ஸ்ப்ரே செய்யும்போது நுண்துளியாக மூச்சில் போய் ஆஸ்துமாவை உண்டாக்கும். ஒருமுறை உடம்பு அதற்கு ஒவ்வாமை கொண்டுவிட்டால், பிறகு துளியளவு பட்டாலும் மூச்சுத் திணறும். எச்சரிக்கும்படி வாசனையும் கிடையாது. முகத்தில் கட்டும் கர்சீப் எதையும் தடுக்காது. என்-95 ஆவியைத் தடுக்காது. கார்பன் கார்ட்ரிட்ஜும் அதன் மேல் துகள் வடிகட்டியும் உள்ள, முகத்தில் இறுக்கமாகப் பொருந்தும் ரெஸ்பிரேட்டர், புதிய கார்ட்ரிட்ஜுடன், குறைந்தபட்சம். வெளியிலிருந்து சுத்தமான காற்று தரும் முகக்கவசமே முறையானது. முழுக்கைச் சட்டை, நைட்ரைல் கையுறை, கண்ணாடி வேண்டும். குழந்தைகள், முதியோர், ஆஸ்துமாக்காரர்கள் அந்தப் பக்கம் வரவே கூடாது. கதவுகளை எல்லாம் மூடிய ஷெட்டுக்குள் அடிக்கவும் கூடாது.

நம்மூர் பட்டறைகளில் பதினெட்டு, இருபது வயதுப் பையன்கள் ஒரு துணியைக் கட்டிக்கொண்டு நாள் முழுக்க கிளியர் அடிக்கிறார்கள். அவர்களிடம் காரை விடுபவர்கள் இதை முதலாளியிடம் ஒருமுறையாவது கேளுங்கள். வீட்டில் அடிப்பவர்கள், கன்னுக்கு ஒதுக்கும் பணத்தில் முதல் பங்கை ரெஸ்பிரேட்டருக்கு எடுத்துவையுங்கள். அது முடியாது என்றால் ஹார்டனர் கலக்காத ஒன்-கே பிரைமர், பேஸ் கோட் வரை வீட்டில் முடித்து, கிளியரைப் பெயின்ட் பூத்தும் முறையான முகக்கவசமும் உள்ள பட்டறைக்கு விட்டுவிடுங்கள்.

(தொடரும்)