வீட்டைப் பார்த்தீர்கள், வீட்டின் கணக்கைப் பார்த்தீர்களா?



இரண்டு வருடங்களுக்கு முன் கொழும்பில் ஒரு தொடர்மாடிக்கு ஜனாஸா ஒன்றுக்காகச் சென்றிருந்தேன். வீடு ஆறாம் மாடியில். கீழே லிஃப்ட் கதவில் 'பழுது' என்று எழுதிய அட்டை தொங்கியது. எழுத்து மங்கிப் போயிருந்தது. படியேறினோம்.

மௌத்தான தாய்க்கு எழுபது வயது தாண்டியிருந்தது. முழங்கால் வருத்தக்காரி. லிஃப்ட் நின்று ஐந்து மாதம் என்றார்கள். அந்த ஐந்து மாதமும் அவர் ஒரு தடவையேனும் கீழே இறங்கவில்லையாம். படிக்கட்டோ ஒடுங்கியது. ஒவ்வொரு திருப்பத்திலும் வாலிபர்கள் சந்தூக்கைத் தோளுக்கு மேலே உயர்த்தி, சாய்த்து, மெல்ல மெல்ல இறக்கினார்கள். ஐந்து மாதத்தின் பின் அந்தத் தாய் கீழே வந்தது அப்படித்தான்.

பிறகொரு நாள் அவருடைய மகள் என் மனைவியிடம் சொல்லி அழுதாராம்: "ராத்தா, நாங்க இந்த வீட்டை வாங்கி எட்டு மாசம்தான். சமையலறையைப் பார்த்தோம், காத்து வருதா என்று பார்த்தோம், பள்ளி கிட்டவா என்று கேட்டோம். லிஃப்ட் பழுதானா செய்யக் காசு இருக்கா என்று கேட்க எங்களுக்குத் தெரியாமப் போச்சு."

விசாரித்ததில் விடயம் தெரிந்தது. அந்தக் கட்டடத்தில் பாதி வீட்டார் மாதாந்தப் பராமரிப்புப் பணம் கட்டுவதில்லை. நிதி வெறுமை. லிஃப்டை மாற்ற வேண்டும் என்று முன்னரே கூட்டத்தில் பேசப்பட்டிருக்கிறது. விற்றவருக்கு அது தெரியும். அவருடைய பெயரிலேயே மூன்று வருட நிலுவை இருந்தது. விற்றார், போய்விட்டார். நிலுவையைக் கேட்டு நிர்வாகத்தினர் புதியவர்களின் கதவைத்தான் தட்டினார்கள்.

இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது அந்த ஜனாஸாதான்.

வாங்குவது நான்கு சுவர் மட்டுமல்ல

காணியோடு தனி வீடு வாங்கும்போது எல்லையைப் பார்க்கிறோம், உறுதியைப் பார்க்கிறோம், சோலை வரி கட்டப்பட்டிருக்கிறதா என்று பார்க்கிறோம். அதற்கு அப்பால் கூரை ஒழுகினால் அது நம் பாடு. தொடர்மாடி அப்படியல்ல. உங்கள் வீட்டுக் கதவுக்கு உள்ளே இருப்பது உங்களுடையது. கதவுக்கு வெளியே உள்ள படி, லிஃப்ட், மொட்டை மாடி, தண்ணீர்த் தாங்கி, மோட்டார், ஜெனரேட்டர், மலசலக் குழாய், கட்டடத்தைத் தாங்கும் தூண் எல்லாம் பொதுச்சொத்து. அவற்றில் உங்களுக்குப் பங்கு உண்டு. அவற்றின் செலவிலும் பங்கு உண்டு.

நம் நாட்டில் இதற்குச் சட்டம் இருக்கிறது. தொடர்மாடி உடைமை பற்றிய 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டமும் அதன் பின்வந்த திருத்தங்களும் இதை ஒழுங்குபடுத்துகின்றன. கட்டடத்தின் திட்டம் காணிப் பதிவகத்தில் பதியப்படுகிறது. ஒவ்வொரு வீட்டுக்கும் எவ்வளவு பங்கு என்பதும் குறிக்கப்படுகிறது. அந்தப் பங்கை வைத்தே செலவும் வாக்கும் கணிக்கப்படும். வீட்டுச் சொந்தக்காரர் எல்லோரும் சேர்ந்து முகாமைத்துவக் கூட்டுத்தாபனம் என்ற ஒரே அமைப்பாகிறார்கள். அவர்கள் தெரிவு செய்யும் சபைதான் பணம் சேர்ப்பதும், செலவு செய்வதும், விதி போடுவதும். இந்த அமைப்புகளுக்கு மேலே கூட்டாதன முகாமைத்துவ அதிகார சபை இருக்கிறது. 1973இல் பொது வசதிகள் சபையாகத் தொடங்கி, 2003ஆம் ஆண்டுத் திருத்தத்தால் இப்பெயர் பெற்றது.

ஆகவே தொடர்மாடி வீடு வாங்குகிறவர், தாம் முன்பின் அறியாத இருபது முப்பது குடும்பங்களோடு கூட்டுச் சேருகிறார். கடைக்குக் கூட்டுச் சேர்வதென்றால் கணக்கைப் பார்க்காமல் சேருவோமா?

ஒரு சிறு கணக்கைப் பாருங்கள். இருபது வீடுள்ள கட்டடம், எல்லோருக்கும் சம பங்கு என்று வைத்துக்கொள்வோம். லிஃப்ட் மாற்ற 60 இலட்சம் தேவை. நிதியில் 40 இலட்சம் இருந்தால் ஒரு வீட்டுக்கு ஓர் இலட்சம் விழும். நிதியில் ஒன்றுமே இல்லாவிட்டால் ஒரு வீட்டுக்கு மூன்று இலட்சம். நகையெல்லாம் விற்று வீடு வாங்கிய குடும்பம் அடுத்த மாதமே அந்த மூன்று இலட்சத்துக்கு எங்கே போகும்?

சர்ஃப்சைட் தரும் பாடம்

பணம் மட்டுமா? உயிரே போன சம்பவமும் உண்டு. அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்தில், மயாமி நகருக்கு அருகே சர்ஃப்சைட் என்றொரு கடற்கரை ஊர். அங்கே 1981இல் கட்டிய 12 மாடித் தொடர்மாடி ஒன்றின் பெரும்பகுதி 2021 ஜூன் 24ஆம் திகதி நள்ளிரவு கடந்த வேளையில் இடிந்து விழுந்தது. 98 பேர் இறந்தார்கள். பெரும்பாலானோர் உறக்கத்தில் இருந்த நேரம்.

அந்தக் கட்டடத்தின் கொங்கிரீட்டில் பெரும் சேதம் இருக்கிறது என்று 2018இலேயே ஒரு பொறியியலாளர் அறிக்கை கொடுத்திருந்தார். திருத்த வேலைக்கு வீட்டாரிடம் பணம் சேர்ப்பதில் வருடங்கள் இழுபட்டன. 2021இல் செலவு சுமார் 15 மில்லியன் டொலராகி, ஒவ்வொரு வீட்டாரும் பெரும் தொகை கட்ட வேண்டும் என்று தீர்மானமானது. பெரும் வேலை தொடங்குமுன் கட்டடம் விழுந்தது.

இதன் பின் 2022இல் அந்த மாநிலம் சட்டத்தை இறுக்கியது. மூன்று மாடியும் அதற்கு மேலும் உள்ள தொடர்மாடிகளைக் காலத்துக்குக் காலம் பரிசோதிக்க வேண்டும். எதிர்காலத் திருத்தத்துக்கு எவ்வளவு சேமிக்க வேண்டும் என்றும் கணக்கிட வேண்டும். வாங்க வருகிறவருக்கு இந்த அறிக்கைகளைக் கொடுக்க வேண்டும். தாள்களைப் படித்துவிட்டு, குறித்த நாட்களுக்குள் பேரத்திலிருந்து விலகும் உரிமையும் அங்கே வாங்குபவருக்கு உண்டு.

நம்மிடையே கேளாமல் யாரும் இவற்றைக் கையில் தருவது அரிது. நாம்தான் கேட்க வேண்டும். அதுவும் முற்பணம் கொடுப்பதற்கு முன் கேட்க வேண்டும். முற்பணம் கைமாறிய பின் நம் கேள்விக்கு மதிப்பில்லை.

கேட்க வேண்டியவை

முதலாவது, கட்டடத் திட்டம் காணிப் பதிவகத்தில் பதிவாகியிருக்கிறதா? அனுமதித்த வரைபடத்தின்படியே கட்டப்பட்டது என்ற சான்றிதழ் இருக்கிறதா? திட்டம் பதிவாகாத புதுக் கட்டடத்தில் உங்கள் கையில் இருப்பது விற்பனை ஒப்பந்தம்தான், உறுதி அல்ல. இதை உங்கள் சட்டத்தரணி பார்க்கட்டும். விற்பவரின் சட்டத்தரணியே இரு பக்கத்துக்கும் போதும் என்று இருந்துவிடாதீர்கள்.

இரண்டாவது, அந்த வீட்டின் பெயரில் நிலுவை உண்டா? விற்பவரின் வாய்ச்சொல் போதாது. முகாமைத்துவக் கூட்டுத்தாபனத்திடம் எழுத்தில் கடிதம் வாங்குங்கள். நிலுவை இருந்தால் அதை யார் கட்டுவது என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். அல்லது விலையில் கழியுங்கள். தண்ணீர், மின்சாரப் பட்டியல்களையும் சோலை வரிப் பற்றுச்சீட்டையும் அத்துடன் பாருங்கள்.

மூன்றாவது, கடைசி இரண்டு மூன்று வருடக் கணக்கறிக்கை. மாதாந்தக் கட்டணம் எவ்வளவு, எத்தனை வீட்டார் கட்டுவதில்லை, பெரிய திருத்தத்துக்கென்று ஒதுக்கிய பணம் எவ்வளவு, கட்டடத்துக்குக் காப்புறுதி உண்டா? கட்டணம் குறைவு என்று மகிழ வேண்டாம். குறைந்த கட்டணம், வெறும் நிதி, பழைய லிஃப்ட் மூன்றும் சேர்ந்தால் அது மலிவான வீடல்ல.

நான்காவது, கூட்டக் குறிப்புகள். கணக்கில் தெரியாதது இங்கே தெரியும். மொட்டை மாடி ஒழுக்கு, தூணில் வெடிப்பு, தண்ணீர்ப் பிரச்சினை, நீதிமன்ற வழக்கு எல்லாம் கூட்டத்தில்தான் பேசப்படும்.

ஐந்தாவது, வாகனத் தரிப்பிடம். "இந்த இடம் உங்களுக்குத்தான்" என்று கையால் காட்டுவார்கள். அது திட்டத்திலும் உறுதியிலும் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஆறாவது, வீட்டு விதிகள். பெண்கள் கட்டாயம் படிக்க வேண்டியது இது. வீட்டில் தையல் தொழில் செய்யலாமா? பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கும் வகுப்பு வைக்கலாமா? பால்கனியில் உடுப்புக் காயப்போடலாமா? கல்யாணம், கத்தத்துக்குப் பொது மண்டபம் கிடைக்குமா? குர்பானிக்கு என்ன ஏற்பாடு? மையித்தைக் குளிப்பாட்ட இடம் உண்டா, லிஃப்டில் சந்தூக் கொள்ளுமா? மௌத்து எல்லா வீட்டுக்கும் வரும். வீடு பார்க்கும் அன்று அதைக் கேட்க வெட்கப்பட வேண்டியதில்லை.

விற்பவரின் கடமை

வாங்குபவர் கேட்பது புத்திசாலித்தனம். விற்பவர் சொல்வது மார்க்கக் கடமை. நபி (ஸல்) அவர்கள் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்து, உள்ளே ஈரத்தைக் கண்டு, மக்கள் பார்க்கும்படி அதை ஏன் மேலே வைக்கவில்லை என்று வியாபாரியைக் கேட்ட வரலாறு ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. மழையில் நனைந்தது என்ற பதில் ஏற்கப்படவில்லை. ஈரமானது குற்றமல்ல, மறைத்ததுதான் குற்றம். லிஃப்ட் பழுதாவதும் குற்றமல்ல.

குறையை மறைத்து விற்றால், அது தெரியவரும்போது பொருளைத் திருப்பும் உரிமை வாங்கியவருக்கு உண்டு என்று ஃபிக்ஹு நூல்களில் தனிப் பாடமே இருக்கிறது. மதரஸாவில் மாணவர்களுக்கு அதைக் கற்பிக்கும்போது அடிமை, ஒட்டகம் என்று பழைய உதாரணங்களைச் சொல்லி வந்தேன். இப்போது தொடர்மாடி வீட்டையும் சேர்த்துச் சொல்கிறேன்.

இன்னொன்றும் உண்டு. பராமரிப்புப் பணத்தைக் கட்டாமல் இழுத்தடிப்பது நிர்வாகத்தை ஏமாற்றுவதல்ல, அயலவரின் ஹக்கை வைத்துக்கொள்வது. அந்தத் தாயை ஐந்து மாதம் ஆறாம் மாடியில் வைத்திருந்தது இயந்திரக் கோளாறு மட்டுமா? பணம் இருந்தும் கட்டாதவர்களுக்கும் அதில் பங்கிருக்கிறது.

சகோதரிகளே! நம் சமூகத்தில் மகளின் பெயரில் வீடு எழுதுவது பரவலான வழக்கம். உறுதி உங்கள் பெயரில் என்றால் அந்தக் கூட்டுத்தாபனத்தின் அங்கத்தவர் நீங்கள்தான். கூட்டத்துக்குப் போகவும், கணக்குக் கேட்கவும், வாக்களிக்கவும் உங்களுக்கே உரிமை. கணவர் வெளிநாட்டில் இருக்கிறார், நமக்கென்ன தெரியும் என்று ஒதுங்க வேண்டாம். லிஃப்ட் நின்றால் தண்ணீர்ப் போத்தலோடும் கைக்குழந்தையோடும் படியேறப் போவது நீங்கள்.

அடுத்த தடவை வீடு பார்க்கப் போகும்போது சமையலறையைப் பாருங்கள், காற்றைப் பாருங்கள். பிறகு கீழே இறங்கி வந்து, நிர்வாகச் செயலாளர் யார் என்று விசாரித்து, கணக்குக் கோவையைக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினால், முற்பணத்தைக் கைப்பையிலேயே வைத்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்புங்கள்.

நிம்மதியாகக் குடியிருக்கும் வீட்டை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.