உஷார்! வெள்ளத்தில் நின்ற கார் உங்கள் வாசலுக்கு வரலாம்

கடலூரிலும் சிதம்பரத்திலும் செகண்ட் ஹேண்ட் கார் பார்க்கக் கிளம்புகிறவர்கள் அட்வான்ஸ் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். அட்வான்ஸ் கொடுத்துவிட்டீர்கள் என்றாலும் படியுங்கள். மீதிப் பணமாவது தப்பும்.

என் தங்கை வீட்டுக்காரர் வாங்கிய காரின் கதை இது. ஐந்து வருட வண்டி, ஒரே ஓனர், முகம் பார்க்கிற அளவுக்குப் பாலிஷ், கதவைத் திறந்தால் குப்பென்று மல்லிகை செண்ட். ஊர் விலையைவிட நாற்பதாயிரம் குறைவு. “ஓனர் வெளிநாடு போறார் சார், அதான் அவசரம்” என்றார் முடித்துக் கொடுத்தவர். ஏழு மாதம் ஓடியது. நடுநடுவே பவர் விண்டோ மக்கர் செய்தது, ஹாரன் தானாக அடித்தது. சின்ன ரிப்பேர் என்று விட்டுவிட்டார்கள். கடலூரில் ஒரு ரிசப்ஷன் முடிந்து சிதம்பரம் திரும்பிய இரவு, புதுச்சத்திரம் தாண்டியதும் ஹெட்லைட், மீட்டர், இன்ஜின் மூன்றும் ஒரே நொடியில் செத்தன. ஸ்டீயரிங் இறுகிப்போனது. பின்னால் லாரி. அவர் எப்படியோ வண்டியை மண்ணில் இறக்கினார். லாரி உரசாமல் போனது. பின் சீட்டில் தங்கையும் இரண்டு பிள்ளைகளும்.

மறுநாள் எலக்ட்ரீஷியன் டிரைவர் காலடி கார்பெட்டை உரித்தபோது நான் பக்கத்தில் நின்றிருந்தேன். கார்பெட்டுக்கு அடியில் ஸ்பாஞ்ச். அதை அவர் அழுத்தியதும் சொட்டுச் சொட்டாய் நீர் கசிந்தது. ஸ்பாஞ்சுக்குக் கீழே தகரத்தில் ஏரி வண்டல் மாதிரி பாளம் பாளமாய்ச் சேறு. பிறகு ஒரு வயர் கப்ளரைப் பிடுங்கிக் காட்டினார். உள்ளே இருந்த செம்புப் பின்கள் பாசி பிடித்ததுபோல் பச்சை. ஒன்றை நகத்தால் தொட்டார், பொடியாய் உதிர்ந்தது. “அண்ணே, இது தண்ணியில நின்ன வண்டி. சீட்டு வரைக்கும் ஏறியிருக்கு. ஒரு கப்ளர மாத்தினா அடுத்தது போகும். இத நம்பி பிள்ளைங்கள ஏத்தாதீங்க” என்றார்.

இப்படிப்பட்ட வண்டிகள் எங்கிருந்து வருகின்றன? 2015 நவம்பரில் கடலூர் மாவட்டம் மூழ்கியது, அடுத்த மாதம் சென்னை மூழ்கியது. 2020 டிசம்பரில் புரெவிப் புயல் மழையில் நடராஜர் கோயிலுக்குள்ளேயே தண்ணீர் நின்றதைச் சிதம்பரத்துக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோது சென்னையில் கார்கள் பொம்மை மாதிரி மிதந்ததை டிவியில் பார்த்தோம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரையேறியது. அடுத்த ஓரிரு நாளில் சாத்தனூர் அணையிலிருந்து ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் திறக்க, தென்பெண்ணை கரை மீறி நாணமேடு, தாழங்குடா, குண்டுஉப்பலவாடி பக்கமெல்லாம் வீட்டுக்குள் புகுந்தது. மனிதர்களை மாடியில் ஏற்ற முடிந்தது. கார்களை எங்கே ஏற்றுவது?

நம் பக்கத்து வெள்ளத்தில் இன்னொரு கெடுதலும் உண்டு. கடல் ஏற்றத்தில் இருக்கும்போது ஆற்று நீர் முகத்துவாரத்தில் முட்டிக்கொண்டு நிற்கும். உப்பனாற்று ஓரத்தில் வடியாமல் நிற்கும் நீரில் உப்பும் கலந்திருக்கும். நல்ல தண்ணீரில் நனைந்த வயரைவிட உப்பு நீர் பட்ட வயர் சீக்கிரம் அரித்துப்போகும். தங்கை வீட்டு வண்டியை வெளியிலிருந்து பார்த்து யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. உள்ளே அது அரித்துக்கொண்டே இருந்திருக்கிறது.

இந்த வண்டிகள் சந்தைக்கு வருகிற வழி ரகசியமல்ல. வெள்ளத்தில் கெட்ட வண்டியை இன்சூரன்ஸ் சர்வேயர் பார்ப்பார். மீட்டுச் சரிசெய்கிற செலவு பாலிசியில் போட்டிருக்கும் வண்டி மதிப்பில் (ஐ.டி.வி.) 75 சதவீதத்தைத் தாண்டினால் ‘டோட்டல் லாஸ்’. ஓனருக்குப் பணம் கிடைத்துவிடும். வண்டி சால்வேஜாக ஏலத்துக்குப் போகும். ஓட்டவே முடியாதபடி அழிந்த வண்டியென்றால், 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 55-ஆவது பிரிவு. மற்ற வண்டிகளில், ஆர்.சி. உயிரோடு இருக்கும்வரை, ஏலத்தில் எடுத்தவர் சீட் கவரை மாற்றி, செண்ட் அடித்து, வேறு ஊரில் விற்றுவிட முடிகிறது. சென்னையில் நனைந்தது கடலூரில் விற்கும், கடலூரில் நனைந்தது திருச்சியில் விற்கும். பரிவாஹன் தளத்தில் நம்பரைப் போட்டால் ஓனர் எத்தனையாவது ஆள், கடன் இருக்கிறதா, இன்சூரன்ஸ் எதுவரை என்றெல்லாம் வரும். வெள்ளத்தில் நின்றதா என்பது மட்டும் வராது. அதை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

முதலில் சீட் பெல்ட். நான்கையும் கடைசி அங்குலம்வரை இழுங்கள். கழுவுகிறவர்கள் வெளியே தெரிகிற பெல்ட்டைத்தான் கழுவுவார்கள், உருளைக்குள் சுருண்டிருப்பதை யாரும் தொடுவதில்லை. தங்கை வீட்டு வண்டியில் டிரைவர் பெல்ட்டின் கடைசி ஒரு சாண் மட்டும் காபி கறை பட்ட வேட்டி மாதிரி நிறம் மாறி இருந்தது. நிறம் மாறிய இடத்தில் கோடு போட்டது போல் ஒரு விளிம்பு. தண்ணீர் ஏறியதற்குச் சாட்சி அதுதான். வாங்கும்போது அரை நிமிடம் செலவழித்து இழுத்திருந்தால் பணம் போயிருக்காது.

அடுத்து சாவியை ஆன் செய்து மீட்டரைக் கவனியுங்கள், இன்ஜினை ஸ்டார்ட் செய்ய வேண்டாம். ஏர்பேக் விளக்கும் ஏ.பி.எஸ். விளக்கும் சில நொடி எரிந்து அணைய வேண்டும். எரிந்துகொண்டே இருந்தால் கோளாறு. எரியவே இல்லையென்றால் இன்னும் பயப்படுங்கள், யாரோ அதைக் குருடாக்கியிருக்கலாம். தங்கை வீட்டு வண்டியில் மீட்டரைக் கழற்றி ஏர்பேக் விளக்கின் மேல் கறுப்பு டேப் ஒட்டியிருந்தார்கள். ஏழு மாதமாய் என் தங்கை பிள்ளைகள் வேலை செய்யாத ஏர்பேக்கோடு பள்ளிக்கூடம் போய் வந்திருக்கிறார்கள். இதை எழுதும்போதும் எனக்குக் கை நடுங்குகிறது.

ஸ்டெப்னியைத் தூக்கி அடியில் மண் இருக்கிறதா பாருங்கள். சீட்டுக்கு அடியில் இருக்கும் போல்ட்டுகளில் துரு ஏறியிருக்கக் கூடாது, அங்கே மழை நேராகப் படாது. செண்ட் வாசனை தூக்கலாக இருந்தால் கண்ணாடியெல்லாம் ஏற்றிவிட்டு வெயிலில் அரை மணி நேரம் விடச் சொல்லி, பிறகு திறந்து முகர்ந்து பாருங்கள். முடிந்தால் விற்பவர் கூட்டிவரும் மெக்கானிக்கை விட்டுவிட்டு, உங்களுக்குத் தெரிந்த எலக்ட்ரீஷியனைக் கூட்டிப் போங்கள். இன்ஜின் மெக்கானிக் மட்டும் போதாது, இந்த நோய் வயரில்தான் தெரியும்.

பேப்பரிலும் ஒரு தடயம் உண்டு. பழைய பாலிசிகளைக் கேளுங்கள். கிளெய்ம் இல்லாமல் ஓட்டினால் நோ கிளெய்ம் போனஸ் 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று வருடாவருடம் ஏறும். ஏறிக்கொண்டே வந்தது திடீரென்று பூஜ்யம் ஆகியிருந்தால், அதற்கு முந்தைய வருடம் பெரும்பாலும் கிளெய்ம் வாங்கியிருக்கிறார்கள் என்று பொருள். அது எந்த மாதம், எதற்காக என்று கேளுங்கள். டிசம்பர் என்று பதில் வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். “பாலிசியெல்லாம் தொலைஞ்சு போச்சு சார்” என்றாலும் எழுந்து வந்துவிடுங்கள். சர்வீஸ் பதிவையும் விடாதீர்கள். மழை மாதத்துக்குப் பிறகு பதிவு அப்படியே நின்றுபோயிருந்தால் காரணம் இருக்கும்.

பி.ஒய். நம்பர் வண்டி மலிவாகக் கிடைக்கிறது என்று புதுச்சேரிக்கு ஓடுகிறவர்கள் கூடுதலாய்க் கவனியுங்கள். ஃபெஞ்சலில் அதிகம் நனைந்த ஊர் அது. என்.ஓ.சி. வாங்கி டி.என். 31-க்கோ 91-க்கோ மாற்றும்போது இங்கே சாலை வரியும் கட்ட வேண்டும். மலிவு பாதி அங்கேயே கரைந்துவிடும். பழைய கார் விற்கும் டீலர்களுக்கு 2023 ஏப்ரல் 1 முதல் ஆர்.டி.ஓ. அங்கீகாரச் சான்று முறை வந்திருக்கிறது. அதைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். பழைய வண்டியைக் கொடுக்கிறவர்களுக்கும் ஒரு சொல்: பெயர் மாற்றாமல் வெறும் கையெழுத்துப் போட்ட படிவத்தோடு சாவியைக் கொடுத்துவிடாதீர்கள். ஆர்.சி.யில் பெயர் யாருக்கோ அவர்தான் விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் நவீன் குமார் வழக்கில் சொல்லிவிட்டது.

உங்கள் சொந்த வண்டிக்கும் ஐப்பசி, கார்த்திகை பொல்லாத மாதங்கள். காலையில் எழுந்து பார்க்கும்போது வண்டி தண்ணீரில் நின்றிருந்தால், கை தன்னால் சாவிக்குப் போகும். போகக் கூடாது! செல்ஃப் அடித்தால் ஏர் ஃபில்டர் வழியாக உள்ளே போன தண்ணீரைப் பிஸ்டன் அழுத்தப் பார்க்கும். காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. கனெக்டிங் ராடு வளையும், சில சமயம் பிளாக்கையே உடைக்கும். நின்ற வண்டியை நீங்களே ஸ்டார்ட் செய்து இன்ஜின் போனால், சாதாரண ஃபுல் இன்சூரன்ஸ் அந்தச் செலவைத் தராது. இன்ஜின் புரொடெக்ட் என்ற தனி ஆட்-ஆன் இருந்தால்தான் வழி உண்டு, அதையும் மழைக்கு முன்பே எடுத்திருக்க வேண்டும். தண்ணீர் எதுவரை நின்றது என்று போட்டோ எடுங்கள், முடிந்தால் பேட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றுங்கள், இன்சூரன்ஸுக்குப் போன் செய்யுங்கள், வண்டியை அப்படியே தூக்கிப் போகச் சொல்லுங்கள். ஓடுகிற வண்டியென்றால், பாதி டயர் மூழ்குகிற தண்ணீரில் இறங்கவே வேண்டாம். முன்னால் போன பஸ் தாண்டிவிட்டதே என்று பார்க்காதீர்கள். பஸ் காற்று இழுக்கிற உயரம் வேறு, உங்கள் கார் இழுக்கிற உயரம் வேறு.

தங்கை வீட்டு வண்டி இப்போது வாசலில் தார்ப்பாய்க்குள் நிற்கிறது. மொத்த வயரிங்கையும் மாற்றக் கேட்ட பணத்துக்கு வேறு வண்டியே வாங்கிவிடலாம். போன வாரம் விற்றுக் கொடுத்தவரே போன் செய்தார். “சார், அத எங்கிட்டயே குடுத்துடுங்க. வாட்டர் வாஷ் பண்ணி, விழுப்புரம் பக்கம் ஒரு பார்ட்டி இருக்கு, தள்ளி விட்டுடறேன்.”

மாட்டேன் என்று சொல்லிவிட்டார் என் தங்கை வீட்டுக்காரர். பெல்ட் நான்கையும் கத்தரியால் வெட்டி எடுத்துவிட்டார். வண்டி பழைய இரும்புக்கடைக்குப் போகிறது.