முருங்கைக்காய்னா என்ன?

டீயை ஆற்றிக்கொண்டே கேளுங்கள், இது அவசரமாகச் சொல்லக்கூடியதல்ல. வேடசந்தூர்ப் பக்கம் அறுபதைத் தாண்டியவர் பேச்சில் தடுமாறினால், ‘வயசாச்சு, மறதி’ என்போம். இல்லையென்றால் பக்கவாதம் என்று பயப்படுவோம். பக்கவாதத்தில் பேச்சு திடீரென்று போகும். நான் சொல்லும் நோயில் அது வருஷக்கணக்கில் கரையும். வீட்டுக்கணக்கு, வந்த வழி, நேற்று நடந்தது எல்லாம் முதலில் அநேகமாகச் சரியாகவே இருக்கும். அமெரிக்காவில் மார்செல் மெசுலம் 1982-ல் ஆறு நோயாளிகளைக் கொண்டு இதை விவரித்தார். 2011-ல் மூன்று வகையாகப் பிரித்தார்கள்.

‘ஒட்டன்சத்திரம் சந்தைக்குப் போய் முருங்கைக்காய் போட்டுட்டு வந்தேன்’ என்று சொல்ல வேண்டியவர், ‘சந்தை... முருங்கை... போ...’ என்று திணறுகிறார். உருபும் வினைமுடிவும் நழுவுகின்றன. மூளையின் இடது முன்பகுதி தேய்வதால் வரும் முதல் வகை இது.

இன்னொருவர் பாதி வாக்கியத்தில் நிற்பார்: ‘அதான், நீளமா, சாம்பார்ல போடுவாங்களே...’ பொருள் தெரியும், பெயர்தான் வராது. நீளமான வாக்கியத்தைத் திருப்பிச் சொல்லச் சொன்னால் பாதியில் அறுந்துவிடும். இதன் அடியில் பெரும்பாலும் இருப்பது அல்சைமர்.

மூன்றாவதுதான் வீட்டாரை அதிகம் குழப்புவது. பேச்சு சரளமாக ஓடும், இலக்கணம் பிசகாது. ஆனால் ஆயுசு முழுக்கச் சமைத்தவர், ‘முருங்கைக்காய்னா என்ன?’ என்று கேட்பார். கையில் கொடுத்தாலும் எதற்கென்று தெரியாமல் போகலாம். காதுக்கு அருகே பொட்டுமடலின் முன்நுனி சுருங்கும்போது, சொல்லோடு அதன் பொருளும் போகிறது. வீம்பு என்று நினைத்துத் திட்டிவிடாதீர்கள். ஆங்கிலத்தில் எழுத்தும் ஒலியும் பொருந்தாத சொற்களை வாசிக்கவைத்து இதைப் பிடிப்பார்கள். நம் எழுத்தைப் பெரும்பாலும் பார்த்தபடியே வாசித்துவிடலாம், அதனால் அந்தத் தடயம் தமிழில் எளிதில் சிக்காது.

இங்கே வீட்டில் தெலுங்கோ கன்னடமோ, கடைவீதியில் தமிழும் பேசும் குடும்பங்கள் நிறைய. ஹைதராபாத்தில் சுவர்ணா அல்லாடி குழு 648 டிமென்ஷியா நோயாளிகளை ஆராய்ந்து 2013-ல் வெளியிட்டது: ஒரு மொழிக்கு மேல் பேசியவர்களுக்கு நோய் சுமார் நாலரை வருஷம் தள்ளி வந்திருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடமும் அந்தத் தள்ளிப்போதல் இருந்தது. ஆனால் பின்னர் வந்த ஆய்வில், மூளையின் முன்பகுதியும் பொட்டுமடலும் தேயும் நோய்களைத் தனியே பிரித்துப் பார்த்தபோது, நடத்தை மாறும் வகையில்தான் அந்தத் தாமதம் தெரிந்தது. மொழி தேயும் வகையில் தெரியவில்லை. மொழிதான் அடிபடும் இடம் என்பதால் இருக்கலாம் என்பது என் எண்ணம்.

தேய்வை நிறுத்தும் மருந்து இன்னும் இல்லை. பேச்சுப் பயிற்சி உதவும். சீக்கிரம் தொடங்கினால் நல்லது. நரம்பியல் டாக்டரிடம் போகும்போது ‘பேச்சு சரியில்லை’ என்று மட்டும் சொல்லாதீர்கள். பெயர் வரவில்லையா, பொருளே போய்விட்டதா, வாக்கியம் உடைகிறதா என்று கவனித்துச் சொல்லுங்கள். சாதாரணமாகப் பேசுவதைப் போனில் பதிவு செய்து கொண்டு போங்கள். வீட்டு மொழி தெலுங்கென்றால் அந்தப் பேச்சும் அதில் இருக்கட்டும்.