ஹோமில் விடும் முன்...

"அம்மாவுக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சு, நல்ல ஹோம் சொல்லுங்க டாக்டர்!" போடியிலும் மேலே ஏலத்தோட்டத்திலும் கேட்கிற பேச்சுதான். பொறுங்கள். முதியவர்களுக்குத் திடீர்க் குழப்பம் சிறுநீர்த் தொற்றாலும் வரும். ரத்தத்தில் சோடியம் குறைந்தாலும் வரும். தைராய்டு, பி12 குறைந்தால் மறதி மெல்ல மெல்லத் தலைகாட்டும். வைத்தியம் செய்தால் பலருக்குத் தெளிந்துவிடும். சித்த வைத்தியன் நானே சொல்கிறேன், நாடி மட்டும் போதாது. ரத்தம், சிறுநீர் பாருங்கள். கானாவிலக்கு அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் மனநல மருத்துவரிடமும் காட்டுங்கள்.

ஏர்வாடி நினைவிருக்கிறதா? 2001 ஆகஸ்ட் 6-ல் காப்பகத் தீயில் 28 பேர் பலி. சங்கிலியில் கட்டியிருந்ததால் ஓட முடியவில்லை. 2017 மனநலச் சட்டம் சங்கிலியைத் தடை செய்தது. தானே முடிவெடுக்க இயலாதவரை மனநல நிலையத்தில் சேர்க்க, மனநல மருத்துவர் உட்பட இருவர் தனித்தனியே பரிசோதித்திருக்க வேண்டும், அதுவும் முந்தைய 7 நாளுக்குள். எதுவும் கேட்காமல் "விட்டுட்டுப் போங்க" என்கிற ஹோமா? அம்மாவைக் கையோடு கூட்டி வந்துவிடுங்கள்.