இரைக்கும் இரை போட வேண்டும்

மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 2010-இல் கடல்விராலை முட்டையிட வைத்துக் குஞ்சு எடுத்தது. ஒரு தாய்மீன் லட்சக்கணக்கில் முட்டையிடும். ஆக, முட்டைக்குப் பஞ்சமில்லை. பொரித்த குஞ்சு செத்துப்போவதுதான் பிரச்சினை, அதுவும் பெரும்பாலும் முதல் மூன்று வாரத்துக்குள். தண்ணீரையோ நோயையோ குறை சொல்வதற்கு முன்னால், அந்த நாட்களில் குஞ்சு எதைத் தின்றது என்று கேட்க வேண்டும் என்பேன். தின்றதா என்பது பாதிக் கேள்விதான். தின்ற இரையின் வயிற்றில் என்ன இருந்தது என்பது மீதி.

பொரித்து இரண்டு மூன்று நாளில் குஞ்சுக்கு வாய் திறக்கும். அதற்குள் மஞ்சள்கரு ஏறக்குறைய தீர்ந்திருக்கும். வாயில் நுழையும் அளவுக்குச் சின்னதாக, கண்ணுக்கு எதிரே நகர்வதாக இரை வேண்டும். மில்லிமீட்டரில் ஒரு சிறு பங்கே வரும் ரோட்டிஃபர் என்ற நுண்ணுயிர் இதற்குத் தோதானது. தொட்டியில் வேகமாகப் பெருகும், மெதுவாக நீந்தும். சில நாள் போனதும் ஆர்ட்டீமியா என்ற உப்புநீர்ச் சிற்றுயிர். உலர்ந்த முட்டையாக டின்னில் வரும். உப்புநீரில் போட்டால் ஒரு நாளில் செம்மஞ்சள் புள்ளிகளாகப் பொரிந்துவிடும். இவ்வளவு வசதிதான் ஏமாற்றுகிறது. கடல்மீன் குஞ்சின் கண்ணுக்கும் மூளைக்கும் டி.எச்.ஏ. என்ற கொழுப்பு அமிலம் வேண்டும். தேவையான அளவுக்கு அதைத் தானே உண்டாக்கிக்கொள்ளக் குஞ்சால் முடியாது. பொரிந்த ஆர்ட்டீமியாவிலோ அது அநேகமாக இல்லை. வயிறு புடைத்த குஞ்சு வலையில் அள்ளித் தொட்டி மாற்றியதும் கொத்தாகச் சாவதற்கு இந்தக் குறையும் ஒரு காரணம்.

அதனால் இரைக்கே ஊட்டமேற்றுகிறார்கள். ரோட்டிஃபருக்கு நுண்பாசியோ எண்ணெய்க் குழம்போ கொடுத்தால் சில மணி நேரத்தில் நிறைத்துக்கொள்ளும். நானோகுளோராப்சிஸ் பாசி மட்டும் போதாது, அதில் டி.எச்.ஏ. கிடையாது, அது உள்ள ஐசோகிரைசிஸ் பாசியும் சேர வேண்டும். ஆர்ட்டீமியாவுக்குப் பொரிந்தவுடன் வாயே திறந்திருக்காது. சுமார் எட்டு மணி நேரம் கழித்து, ஒருமுறை தோலுரித்த பிறகுதான் தின்னும். அவசரப்பட்டு முன்னதாகவே குழம்பை ஊற்றினால் எண்ணெய் வீண், தண்ணீரும் கெடும். ஏற்றிய டி.எச்.ஏ.வையும் ஆர்ட்டீமியா தானே எரித்துத் தீர்க்கும். ஆகவே உடனே போட வேண்டும், அல்லது குளிரில் வைக்க வேண்டும்.

இத்தனை பாடு எதற்கு, சால்மன் குஞ்சு இரை எடுக்கும் முதல் நாளிலேயே தூள் தீவனம் தின்கிறதே என்று கேட்கலாம். சால்மன் முட்டை ஐந்தாறு மில்லிமீட்டர். இரை எடுக்கத் தொடங்கும்போதே அதன் குஞ்சுக்கு வேலை செய்யும் இரைப்பை இருக்கிறது. ஒரு மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும் முட்டையிலிருந்து வரும் கடல்விரால் குஞ்சுக்கு அது இல்லை. தூள் அடியில் படியும், சத்து நீரில் கரைந்துபோகும். கடலில் இயல்பாகக் கிடைக்கும் கோப்பிபாடு என்ற மிதவை உயிரியையே வளர்க்கலாமே என்பது இதைவிட வலுவான கேள்வி. அதில் டி.எச்.ஏ. தானாகவே நிறைய உண்டு. ஆனால் ரோட்டிஃபர் ஒரு மில்லிலிட்டரில் நூற்றுக்கணக்கில் நெருங்கி வளரும் தொட்டியில், கோப்பிபாட்டின் பல வகைகள் மில்லிலிட்டருக்குச் சில என்ற நெருக்கத்தையே தாங்கும். சிறிய பொரிப்பகத்துக்கு அது கட்டுப்படியாகாது. முதல் சில நாளுக்கு மட்டும் கொஞ்சம் கலந்து கொடுப்பது வேறு கணக்கு. ஆர்ட்டீமியா டின் விலையைப் பார்த்து மலைப்பவர்கள் அதைப் போட்டுப் பார்க்கலாம்.